இறந்த மீனும் ஆற்றுக்குரிய கடனும்

பிறர் பொருளை எடுத்துக்கொண்டான் ஒருவன் அதனைத் திருப்பித் தருதல் அறம் எனப்படுமா, அன்றிக் கடன் தீர்த்தல் என்னும் அளவில் நிற்குமா? பொருளை இழந்தவர் மக்களாயின் இதற்கு விடை கூறல் எளிது. இழந்தவை புழுவும் மீன்குஞ்சும் கரடியும் மரமுமாயின், அக்கடன் யாருக்கு உரியது, அதனைத் தீர்க்குமாறு யாது என்பன ஆராயத்தக்கன. வட அமெரிக்காவின் மேற்குக் கரை நாடுகளில், இறந்த சால்மன் மீன்களைக் கொண்டுபோய் மலையோடைகளில் இடும் வழக்கம் ஒன்று உண்டு. அதனை முன்வைத்து இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பசிபிக் மாகடலைச் சார்ந்த சால்மன் மீன்கள் ஓடைகளின் நன்னீரில், கூழாங்கற்களின் இடையே இட்ட முட்டைகளினின்று தோன்றுவன. தோன்றியபின் கடல் புகுந்து, ஆண்டுகள் சில ஆங்குத் திரிந்து பெருத்து, முட்டையிடும் பருவம் வந்ததும் தாம் பிறந்த ஓடையையே நாடி மீளும். அவ்வோடை நீரின் மணத்தை நினைவிற்கொண்டு வழியறிகின்றன என்பர் ஆராய்ச்சியாளர். ஆறு புக்கபின் அவை பெரும்பாலும் இரை கொள்வதில்லை. உடலிற் சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவிட்டே நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, முட்டையிட்டுச் சின்னாளில் மடியும். சினூக், கோஹோ, சாக்கை, சம், பிங்க் என்னும் ஐவகைக்கும் இதுவே இயல்பு. அவற்றின் உடலெடையில் 100-க்கு 95 பங்கிற்கு மேற்பட்டது கடலிற் பெற்றதேயாகும். ஆறு மலைச்சத்து அனைத்தையும் கீழ்நோக்கி வாரிச் செல்வது. இம்மீனோ கடற்சத்தை மேல்நோக்கிக் கொண்டுவருவது.

மடிந்த உடல் வீணாவதில்லை. நீர்ப்பூச்சிகளின் புழுக்கள் அதனைத் தின்னும்; அதினின்று கரையும் நைட்ரஜனும் பாஸ்பரசும் கற்களின்மேற் படரும் பாசியை வளர்க்கும்; சென்ற ஆண்டின் மீன்குஞ்சுகள் அவ்வூனையும் சிதறிய முட்டைகளையும் உண்டு கொழுக்கும். கரடியும் கழுகும் மீனைக் கரைமேல் இழுத்துச்சென்று பாதி உண்டு பாதி விடும். கடலில் மிகுதியாக உள்ள கனமிகுந்த நைட்ரஜன் வகை கரைமரங்களின் இலைகளிற் காணப்படுதலால், கடல்மீன் காட்டுமரமாகும் உண்மை அளந்தறியப்பட்டது. அலாஸ்காவில் ஹான்சன் என்னும் சிற்றோடையில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 20 ஆண்டுகளாக இறந்த மீன்களை எண்ணிவந்தனர். எண்ணியதை மீண்டும் எண்ணாமைப்பொருட்டு அவற்றை ஒரு கரையிலேயே எறிந்தனர். அங்ஙனம் எறியப்பட்டவை இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டன. பின்னர் மரங்களின் வளர்ச்சி வளையங்களை ஆராய்ந்தபோது, மீன் விழுந்த கரையின் மரங்கள் விரைந்து வளர்ந்தமை புலனாயிற்று.

இவ்வொழுங்கு மக்களாற் சிதைந்தது. கொலம்பியா ஆற்றங்கரையில் 1866-இல் முதலாவது சால்மன் தகரப்பெட்டித் தொழிற்சாலை எழுந்தது; அதன்பின் பல எழுந்தன. மலையோடைக்குச் சேரவேண்டிய ஊன் தகரத்தில் அடைபட்டுக் கடல்கடந்து இங்கிலாந்து வரை சென்றது. காடு வெட்டினமையால் ஓடைகள் மண்மூடின. 1942-இல் கட்டிமுடிந்த கிராண்டு கூலி அணையில் மீன் ஏறுதற்கு வழியே அமைக்கப்படவில்லை. பசிபிக் வடமேற்குப் பகுதியின் ஆறுகட்கு முற்காலத்தில் மீன்வழியாகக் கிடைத்துவந்த நைட்ரஜன் பாஸ்பரசுகளில் 100-க்கு 6 அல்லது 7 பங்கே இப்பொழுது கிடைக்கிறதென 2000-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. மீன் குறைந்தமையால் உணவு குறைந்தது. உணவு குறைந்தமையால் குஞ்சு மெலிந்தது. குஞ்சு மெலிந்தமையால் மீளும் மீன் மேலும் குறைந்தது.

இச்சுழலை அறுக்கும் நோக்கத்தோடு, மீன்குஞ்சு பொரிப்பகங்களில் முட்டை எடுத்தபின் எஞ்சும் மீனுடல்களை ஓடைகளில் இடுவாராயினர். வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் தொண்டர் பலர் இதனைச் செய்து வருகின்றனர். வாஷிங்டன் மாநிலத்தின் தென்மேற்கில் நிகழ்ந்த சோதனை ஒன்றில், மீனுடல் இட்ட ஓடைப்பகுதியில் இளமீன்கள் மிக்கும் கொழுத்தும் காணப்பட்டன என்பது 1998-இல் வெளியாயிற்று. எல்லா ஓடைகளிலும் பயன் ஒருதன்மைத்தாகக் காணப்படவில்லை என்பதும் உடன்கூறற்பாலது.

இனி, ஈண்டு எழும் தடைகளை ஆராய்வாம்.

ஆறு சடப்பொருள், சடத்திற்குக் கடன்படுதல் யாங்ஙனம் கூடும் என்பார் ஒரு சாரார். நீர் சடமே, ஆயின் அந்நீரைப் பற்றி வாழும் உயிர்கள் சடமல்ல. உயிர்கட்கு உடலும் கருவியும் இடமும் நுகர்பொருளும் இறைவனால் அளிக்கப்பட்டன என்பது நம் கொள்கை. ஓர் உயிரின் நுகர்பொருளை மற்றோருயிர் தன் தேவைக்கு மிஞ்சிக் கவர்ந்துகொள்ளின், கவர்ந்த உயிர் அந்த உயிர்க்கும், அதனை அளித்த இறைவனுக்கும் கடன்பட்டதேயாம். கரடியும் எடுத்ததன்றோ எனின், எடுத்தது. ஆயின் அது விட்ட மிச்சமும் அதன் கழிவும் அக்காட்டிலேயே கிடந்தன. அன்றியும், கரடிக்குக் கணக்கு அறியும் அறிவில்லை. அறியும் வல்லமை உடையானுக்கே கடனும் உண்டு. மனிதன் அளந்தறிந்தான், அறிந்தபின் அறியாதான்போல் இருத்தல் அவனுக்குக் கூடாது.

மீன் தன்னுடலை ஈந்தது தியாகமன்றோ. அத்தியாகத்தை நாம் பின்பற்றுவது புண்ணியமன்றோ என்பார் மற்றொரு சாரார். செயலின் உயர்வு தாழ்வு கருத்தைப் பற்றியன. மீன் காட்டை நினைந்து இறந்ததன்று. தன் வினைவழியே வந்த பிறவி முடிந்து அதன் உயிர் நீங்கிற்று. உடலோ தன் காரணப்பொருள்களில் ஒடுங்கி வேறு உடல்களாய் விரிந்தது. உள்பொருள் இன்மையாகாது என்னும் உண்மைக்கு இது கண்கூடான சான்று, தியாகத்திற்குச் சான்றாகாது. மீனுடல் இடுவாரும் தம்மை ஈகையாளர் எனக் கருதற்க. 100 வாங்கினவன் 7 திருப்பித் தந்து வள்ளல் எனப் பெயர்பெற விழைதல் நகைப்பிற்கு இடமாம்.

கொல்லாமையை உயிரினும் மேலாகப் போற்றும் சைவர், முட்டைக்காக மீனைக் கொல்லும் பொரிப்பகத்தின் எச்சத்தைக் கொண்டு செய்யும் செயலை எங்ஙனம் உடன்படலாம் என்பது மூன்றாந்தடை. இது வலிய தடை. அம்மீன் சின்னாளில் தானே மடியும் என்று கூறிக் கொலையை நியாயப்படுத்தல் பொருந்தாது. மடியப்போகும் உயிரையும் கொல்லுதல் கொலையே. ஆயினும் கொன்றவன் செயல் வேறு, கிடக்கும் உடலை என்செய்வது என்னும் வினா வேறு. அதனைக் குப்பையில் எறிவதினும், அதனாற் பசிதீரும் உயிர்கள் வாழும் ஓடையில் இடுதல் நன்றென்பதில் ஐயமில்லை. அந்நன்மை கொலையின் வினையைக் கழுவும் என்று மட்டும் எண்ணற்க.

எல்லாவற்றினும் பெரிய தடை இனி வருவது. குற்றத்தை விடாது கழுவாய் மட்டும் செய்வான் கழுவாயினாலேயே தன்னை ஏமாற்றிக்கொள்வான். அணை நிற்க, காடு வெட்டப்பட, மீன்பிடி அளவிறந்து நடக்க, ஆண்டுதோறும் சில வண்டி மீனுடலைக் கொட்டிவிட்டு ஆறு உய்ந்ததென மகிழ்தல் அத்தகையதே. கொட்டுவதிலும் தீங்கு உண்டு. வேறோர் ஆற்றின் மீனுடல் அவ்வாற்றின் நோயைக் கொணரும். ஆதலின் அதே ஆற்றுமீனையே நோயின்மை ஆராய்ந்து இடல்வேண்டும் என விதித்துள்ளனர். கடலில் மக்கள் கலந்த நச்சுப்பொருள்கள் மீனின் கொழுப்பிற் சேர்ந்து ஓடைக்கு ஏறுதலும் கண்டறியப்பட்டுள்ளது. எடுத்தது தூய உணவாக, கொடுப்பது நஞ்சு கலந்ததாயின் கடன் தீருமா?

அக்கரைப் பகுதியின் பழங்குடிகள் பலரிடத்து முதல் மீன் சடங்கு என ஒன்று உண்டு. பருவத்தில் முதலில் அகப்பட்ட சால்மனை வரவேற்று, பகிர்ந்துண்டு, அதன் எலும்புகளை நீரிலேயே சேர்ப்பர். அதனால் அம்மீன் மீண்டும் உயிர்பெற்று வரும் என்பது அவர் நம்பிக்கை. மறுபிறப்பைப் பற்றிய அவர் கருத்தும் நம் கருத்தும் வேறு. ஆயினும், எடுப்பதற்கு முன்னரே கொடுப்பதை நினைந்த அவ்வொழுக்கம் போற்றத்தக்கது.

ஆகவே மீனுடல் இடுதல் அறத்தின் முடிவன்று. பசித்த குழந்தைக்குத் தாய் வரும்வரை செவிலி பாலூட்டுதல் போல்வது. தாய் வரும் வழியை அடைத்துவைத்துப் பாலூட்டும் செவிலியை யாரும் புகழார். வழி திறந்தவிடத்து நிகழ்வது என்ன என்பதையும் உலகம் கண்டது. வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றின் இரண்டு அணைகள் 2011 முதல் 2014 வரை இடிக்கப்பட்டன, சால்மன் மேலேறிற்று. கிளாமத் ஆற்றின் நான்கு அணைகளை நீக்கும் பணி 2024-இல் முடிவுற்றது. அவ்வாண்டு அக்டோபரிலேயே, நூறாண்டிற்கு மேலாக மீன் காணாத மேலோடைகளிற் சினூக் மீன் காணப்பட்டது. யாரும் அதனைச் சுமந்து செல்லவில்லை. தடை நீங்கியதே போதுமாயிருந்தது.

இறைவன் வகுத்த ஒழுங்கு நம் ஈகையை வேண்டி நிற்பதன்று. நாம் இட்ட தடையை நாமே எடுத்தலையே வேண்டுகின்றது. அதனைச் செய்யும் நாள்வரையில், இறந்த மீனை ஓடைக்குச் சுமப்பவர் அதனைப் புண்ணியச் சுமையாக எண்ணாது கடன்சுமையாக எண்ணிச் சுமப்பாராயின், அவர் செயல் நன்றேயாம்.