பேயாக்கியவர் யார்?

இரத்தங் குடிக்கும் பேய் உண்டா என்று இப்பத்திரிகையின் வாசகர்களைக் கேட்கவேண்டிய அவசியமில்லை. இல்லை என்பதே அனைவரும் கூறும் விடை. அவ்விடையைக் கூறிய மாத்திரத்தில் நம் கடமை தீர்ந்துபோயிற்று என்று இருந்துவிடுகிறோமே, அங்கேதான் எனக்குச் சந்தேகம் தோன்றுகிறது.

மழை விடாது பெய்த ஓரிரவு, தானா ராத்தாவில் என் வீட்டுக் கூடத்தில், 1958-இல் வெளிவந்த ‘சும்பா பொந்தியானாக்’ என்னும் மலாய்ப் படத்தைக் கணினித் திரையில் ஓடவிட்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டியாரும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்தமர்ந்தார். அது ஒரு வரிசையின் மூன்றாம் படம். முதற்படமாகிய ‘பொந்தியானாக்’ 1957 ஏப்ரலில், மலாயா சுதந்திரம் எய்துதற்கு நான்கு மாதங்கட்கு முன்னர், சிங்கப்பூரில் திரைக்கு வந்தது. கேத்தே-கிரிஸ் கம்பெனியார் தயாரித்தனர். இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கினார், மரியா மெனாடோ பேயாக நடித்தார். ஜனங்கள் திரள்திரளாகச் சென்று கண்டனர். அம்முதற்படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. கதை மட்டும் நிலைத்திருக்கிறது.

அக்கதையை நினைக்குந்தோறும் என் மனம் அமைதியுறுவதில்லை. கூன் விழுந்த அழகற்ற பெண்ணொருத்தி மந்திர மருந்தால் அழகு பெறுகிறாள். இரத்தத்தை மட்டும் சுவைத்தலாகாது என்பது விதி. மணம் புரிந்து ஒரு மகளையும் பெறுகிறாள். ஒருநாள் கணவனை நாகம் தீண்டுகிறது. அவன் உயிரைக் காக்கவேண்டி விஷத்தை வாயால் உறிஞ்சுகிறாள், உறிஞ்சியபொழுது இரத்தமும் நாவில் படுகிறது, பேயாகிறாள். அவள் செய்த குற்றம் யாது? விதியை மீறினாள் என்பீர்கள். மீறாதிருந்தால் கணவனைச் சாகவிட்டவள் என்று அதே ஊர் அவளைத் தூற்றியிராதா? எப்பக்கம் திரும்பினும் பழி பெண்ணின்மேல் விழும்படி அமைத்த கதையைக் கண்டு நாம் பேய்க்காகப் பயப்படுகிறோம். அமைத்த கையைக் கண்டு பயப்படுவதில்லை.

படக்கதை ஒருபுறம் இருக்க, மலாய் நாட்டு ஜனங்களின் பழைய நம்பிக்கையோ இதனினும் கொடியது. பிரசவத்தில் மாண்ட பெண்ணே பேயாகி வருகிறாள் என்பது அது. அவள் எழுந்து வாராதிருத்தற்பொருட்டுப் பிணத்தின் வாயில் கண்ணாடி மணிகளையும், அக்குள்களில் கோழி முட்டைகளையும், உள்ளங்கைகளில் ஊசிகளையும் வைப்பர் என்று 1900-இல் வெளிவந்த தம் நூலில் ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். இனி, வந்துவிட்ட பேயின் பிடரியில் ஆணியறைந்தால் அவள் அழகிய, அடங்கிய மனைவியாகிவிடுவாள். ஆணியைப் பிடுங்கினால் மீண்டும் பேய். அடக்கத்திற்கு ஆணி வேண்டும் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொன்ன கதை உலகில் வேறொன்று உண்டோ, அறியேன். மலாயரை இகழ்வதற்கு இதைச் சொல்லவில்லை. பழையனூர் நீலியைப் பேயாக்கி வைத்திருக்கும் நாம் பிறரை நகைப்பதற்கு உரியவரல்லர்.

விஞ்ஞானம் வளர்ந்தால் இவையெல்லாம் தீரும் என்பார் உளர். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற காலத்தில் நானும் அவ்வாறே நம்பினேன். 1954-இல் ரிச்சர்டு மாத்தீசன் என்னும் அமெரிக்கர் ‘ஐ ஆம் லெஜண்ட்’ என்றொரு விஞ்ஞான நவீனம் எழுதினார். 1964-இல் அது வின்சென்ட் பிரைஸ் நடித்த படமாகவும் வந்தது. அதில் இரத்தங் குடிப்போர் பேய்களல்லர், நோயாளிகள். காரணம் ஒரு கிருமி. எஞ்சிய ஒரே மனிதன் நுண்ணோக்கியில் அக்கிருமியைக் காண்கிறான். கண்டவன் என் செய்தான்? பகலில் உறங்குவோரை மரக்கூர்களாற் குத்திக் கொல்வதை நிறுத்தினானா? இல்லை. கொல்லப்பட்டவருட் சிலர் மருந்தால் நோயை அடக்கிப் புதுவாழ்வு தொடங்கியவர் என்பது இறுதியில் தெரியவருகிறது. அவர்கள் கண்ணுக்கு அவனே பேய். கிருமியின் பெயர் அறிந்தமையால் அவன் கை மென்மையடையவில்லை.

இது கற்பனை எனின், மெய்யான செய்தியொன்று கேளுங்கள். வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சலால் கூட்டங் கூட்டமாக மாண்டனர். பிணத்தை அறுத்த கையோடு பிரசவ அறைக்குள் வரும் வைத்தியர்களே காரணம் என்று செம்மல்வைஸ் கண்டறிந்து, 1847-இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. வைத்தியர் பலர் அவரை ஏற்கவில்லை. 1865-இல் அவர் பைத்தியக்கார விடுதியில் இறந்தார். படித்தவர்களுக்கும் தம் கையைப் பார்ப்பதைவிட வேறெங்கேனும் பார்ப்பது எளிதாயிருந்தது.

அப்பேய்ப் படம் ஓடிய 1957-இல் மலாயாவில் இலட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் சுமார் 280 தாய்மார் மாண்டனர். 2010-களில் அத்தொகை 30-க்கும் கீழே இருந்தது. இடையில் நிகழ்ந்தது யாது? பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் கிராமங்களுக்குச் சென்றனர்; சாலையும் இரத்த வங்கியும் வந்தன. (தோட்டத்து வைத்தியமோ பெரும்பாலும் முதலாளிமார் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது, அது தனிக்கதை.) மந்திரவாதியின் ஆணி எத்தனை பேய்களை அடக்கிற்றோ, மருத்துவச்சியின் பெட்டி பேய் உண்டாகும் வழியையே அடைத்தது. அப்படியானால் அதற்கு முன் மாண்டவர்களைப் பேயாக்கியது எது? அன்று பெட்டி போய்ச் சேராமைதானே? நேரத்திற்கு வாராத வண்டியையும் இல்லாத வைத்தியரையும் விசாரிக்கவேண்டிய ஊர், பிணத்தின் கையில் ஊசி வைத்தது. கொலையுண்டவளையே குற்றவாளியாக்கினால் வழக்கு எளிதில் முடிந்துவிடுகிறதன்றோ!

நம் நாட்டில் மற்றொரு வழக்கமும் இருந்தது. கருவுற்றிருக்கையில் மாண்டவள் நினைவாக வழியோரத்தில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்துவர். சுமைதாங்கி என்பது பெயர். இறக்காத சுமையோடு போனவளுக்கு, வழிப்போக்கர் தம் சுமையை இறக்குந்தோறும் ஆறுதல் உண்டாகுமாம். இதுவும் மூடநம்பிக்கையே. ஆயினும் ஒரு மூடநம்பிக்கை பிடரியில் ஆணியறைகிறது. ஒன்று பிறர் தோள்நோவைத் தீர்க்கிறது. இரண்டையும் ஒரே துடைப்பத்தாற் பெருக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. தோழர்கள் கோபித்தாலும் சரி.

சுமைதாங்கியைப் பற்றிப் பாட்டியாரிடம் அன்றிரவு கேட்டேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, தாம் சிறுமியாயிருந்தபொழுது கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டமொன்றில் தம் பெரியம்மா பிள்ளைப்பேற்றில் இறந்ததைச் சொன்னார். இரவில் வலி கண்டதாம். லாரி விடிந்தபிறகே வந்ததாம். பின்னர் லயத்துக்குப் பின்னிருந்த மூங்கிற் புதர்ப்பக்கம் பிள்ளைகளைப் போகவிடவில்லை.

“அங்கே அழுகிறதென்று சொன்னது எங்கள் பெரியம்மாவைத்தான், தம்பி. நாங்களும் பயந்தோம். அம்மா மட்டும் பயப்படவில்லை. ‘என் அக்காவாயிருந்தால் வரட்டுமே, ஒரு வாய் சோறு போடுகிறேன்’ என்பாள்.”

படத்தை நிறுத்திவிடட்டுமா என்றேன்.

“வேண்டாம். அவள் மகளோடு சேருகிறாளா, பார்ப்போம்” என்றார்.