வண்ணக்கன் கையும் ஏலப் படமும்

கண்டி அரசில் ‘ரிதி’ என்று வழங்கிய வெள்ளிக்காசு வட்டமானதல்ல. தூண்டில் முள்ளைப்போல் வளைத்த வெள்ளிக் கம்பி. பாரசீகத்து லார் நகரின் பெயரால் லாரின் என்றும் அதைச் சொல்வார்கள். இன்று அது இணைய ஏலத்தில் படமாக வருகிறது: கறுப்புத் துணியில் ஒரு கம்பி, பக்கத்தில் அளவுகோல், கீழே ‘அசல் வெள்ளி’ என்று ஒரு வரி. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “பார்த்தேன், அசல்தான்” என்று விலை கேட்கிறவர் உண்மையில் எதை அறிந்தார்? இதைச் சேகரிப்போரின் சில்லறைக் கவலை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அறிவு எதனால் உண்டாகிறது என்று நம் சமயங்கள் நூற்றாண்டுகளாக வாதிட்ட கேள்வியே இது.

ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம், அறிவின் படிகளை விளக்கக் காசுகளையே எடுத்துக்கொள்கிறது. பலகையில் காசுகள் குவிந்து கிடக்கின்றன. குழந்தைக்குத் தெரிவது அவற்றின் வடிவமும் வேலைப்பாடும். நாட்டுப்புறத்தானுக்கு, அவற்றைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம் என்பதும் தெரியும். நல்லது, கள்ளது, கலப்பு என்று பிரித்தறிய வல்லவன், காசின் தரத்தைச் சோதிக்கும் வண்ணக்கன் ஒருவனே. அவன் கண்ணால் பார்க்கிறான், தட்டி ஒலி கேட்கிறான், முகர்கிறான், நாவில் வைக்கிறான், கையில் எடை பார்க்கிறான். எந்த ஊரில் எந்த ஆசான் செய்தது என்பதுவரை சொல்கிறான். அவனைத்தான் மெய்யறிவுக்கு உவமையாக்குகிறார் புத்தகோசர். ஏலப் படமோ இந்த ஐந்து வழிகளில் நான்கை அடைத்துவிடுகிறது. தேர்ந்த வண்ணக்கனே திரையின் முன் அமர்ந்தாலும், அவனுடைய அனுபவம் அவனோடு இருக்கும். அது வேலை செய்வதற்கு வேண்டிய காசு இருக்காது.

ரிதியைப் பொறுத்தவரை மிஞ்சிய அந்தக் கண்ணும் போதாது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இக்காசைப் பற்றி எழுதியிருக்கிறார். மன்னனின் அனுமதியோடு யாரும் இதைச் செய்யலாம். விரும்பிய குறியை அதில் பொறிக்கலாம். வெள்ளியின் தரத்தில் ஐயம் எழுந்தால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். தூய வெண்மையாக வந்தால்தான் அது செல்லும். ஆகவே அந்தக் காலத்துக் கண்டியானுக்குப் பொறிப்பு எதற்கும் சான்றல்ல, தீயே சான்று. படம் நமக்குத் தருவதோ, அவன் சான்றாகக் கொள்ளாத அந்தப் பொறிப்பைத்தான்.

அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், அறிவு பெறும் வழிகளாகிய அளவைகளைக் காட்சி, கருதல் (ஊகித்தறிதல்), உரை (பிறர் சொல்) என மூன்றில் அடக்குகிறது. ஏலப் படம் இவற்றில் எது? காட்சிபோலத் தோன்றினாலும் அது உரை என்பதே என் வாதம். ஒளி எந்தப் பக்கமிருந்து விழவேண்டும், எந்தப் பக்கம் மறையவேண்டும், நிறம் எவ்வளவு ஏறவேண்டும் என்பதையெல்லாம் விற்பவர் தீர்மானித்திருக்கிறார். அவர் சொல்ல விரும்பியதை வாயால் சொல்லாமல் படமாகச் சொல்கிறார். பௌத்த அளவையியலார் உரையைத் தனி அளவையாக ஏற்பதில்லை. சொல்பவரின் தகுதியைக் கொண்டு செய்யும் கருதலாகவே அதைக் கொள்வார்கள். அந்த வழியில் போனாலும் வந்து நிற்கும் இடம் ஒன்றே. நாம் எடைபோடுவது காசை அல்ல, விற்பவரை.

படத்தை வைத்தே போலிகளைப் பிடிக்கும் வல்லுநர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள். வார்ப்பில் விழுந்த நுண்குழிகளையும், இரண்டு ‘வெவ்வேறு’ காசுகளில் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே கீறலையும் படம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அவை எல்லாம் மறுப்புகள். பொய் என்று நிறுவப் படம் போதலாம். மெய் என்று நிறுவ அதனால் முடியாது, ஏனென்றால் குற்றம் தெரியாததும் குற்றம் இல்லாததும் வேறு. தரச்சான்று பெற்று உறையிலிட்ட காசு என்றால், அதுவும் மற்றொருவரின் உரை. உறையையும் போலியாகச் செய்கிறார்கள். இதைவிட வலுவான தடை ஒன்று உண்டு: கையில் வாங்கினாலும் பிறர் சொல்லை நம்பித்தானே வாங்குகிறோம், எல்லாக் காசையும் யார் காய்ச்சிப் பார்க்கிறார்? உண்மைதான். ஆனால் கையில் இருக்கும் காசிடம் நாளைக்கும் ஒரு புதுக் கேள்வி கேட்கலாம். படம், எடுத்தவர் கேட்டுவைத்த கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

நம்பிக்கை இழிவானது என்று இதற்குப் பொருளில்லை. கண்டித் தலதா மாளிகையில் பேழையை வணங்கித் திரும்பும் அடியவர், அதனுள் இருக்கும் புத்தரின் புனித தந்தத்தைச் சோதித்துப் பார்த்ததாகச் சொல்வதில்லை. தம் செயல் நம்பிக்கை என்று அவருக்குத் தெரியும். அதனால் அதில் பிழையில்லை. நம்பிக்கையைக் காட்சி என்று எண்ணிக்கொள்ளும்போதுதான் திரிபு உண்டாகிறது. அப்படி எண்ணிவிட்டவர் விற்பவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார். குறிப்பாக, காசு எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதை. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களைத்தான் இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருளாகக் கொள்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் ரிதியை விற்கிறார் என்றால் அது எப்போது, எப்படி, யார் கைவழியாகக் கடல் தாண்டியது என்று அவர் சொல்லவேண்டும். சொல்ல முடியாதவரிடம், படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், விலை கேட்கக்கூடாது.