மருந்தும் தவளையும்

துணுக்காயில் காலபோக மழை தொடங்கிய ஒரு மாலை. வவுனிக்குளத்து வாய்க்காலில், மருந்தடித்த தாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல் ஐயா கேட்டார்: "தம்பி, முந்தியெல்லாம் முதல் மழைக்கே தவளைச் சத்தத்தில் நித்திரை வராது. இப்ப கேட்குதோ?" அவர் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மருந்தொன்றில் தவளையைச் சேர்ப்பது பற்றி ஒரு வைத்தியர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அதைக் கொல்வதை அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. தவளையை உண்ணலாகாதென ஷாஃபிஈ அறிஞர்கள் சொல்வதற்கும் இத்தடையே ஆதாரம். நோய் தீர்க்கும் பயன்கூட அங்கே கொலைக்கு நியாயமாகவில்லை.

கொலம்பியாவின் பசுபிக் கரையோர மழைக்காட்டில் பொன்னிற நச்சுத் தவளை வாழ்கிறது. விஞ்ஞானிகள் அதை 1978இல் பெயரிட்டு விவரித்தார்கள். எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்பின் நுனியை அதன் முதுகில் தேய்த்து வேட்டையாடினார்கள். காடழிப்பால் அந்த இனம் இன்று அருகிவருகிறது. இத்தகைய தவளைகளைக் காக்கச் சொல்வோர் பலர், அவற்றின் நஞ்சிலிருந்து நாளை மருந்து கிடைக்கலாம் என்கிறார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால், பயனில்லை என்று தெரியவரும் நாளில் என்ன சொல்வோம்? அந்த வைத்தியருக்குக் கிடைத்த பதில் பயனைக் கணக்கில் எடுக்கவில்லையே.

நம் வயல் தவளையிடம் அத்தகைய நஞ்சில்லை. நஞ்சு நம் கையில் இருக்கிறது. அதற்கு நாம் வைத்த பெயர் மருந்து. தவளை தோலாலும் சுவாசிக்கும் உயிர். நீரில் கலந்தது அதன் உடலுக்குள் போகும். "கொல்லும் நிய்யத் எனக்கில்லையே" என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். தெரியாதவரை அது நியாயம். தெரிந்தபின் அது வெறும் சாட்டு.

மருந்தை அடியோடு விடச் சொல்ல எனக்கு வாயில்லை. 2021இல் இரசாயன உரம், கிருமிநாசினி இறக்குமதியை அரசு திடீரெனத் தடுத்தபோது விளைச்சல் விழுந்தது; கடன்பட்ட விவசாயிதான் நொந்தான். பசியும் ஒரு நியாயம். ஆனால் தேவை எங்கே முடிகிறது, சோம்பல் எங்கே தொடங்குகிறது என்பதை நானறிவேன். பூச்சியைக் காணுமுன் அடிப்பது தேவையன்று. வாய்க்காலில் தாங்கியைக் கழுவுவதும் தேவையன்று.

அதன்பின் தாங்கியை வாய்க்காலுக்குக் கொண்டுபோவதில்லை. இதனால் தவளைகள் திரும்பிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. விசாரிக்கப்படும் நாளில் "தெரியாது" என்று சொல்ல இனி என்னால் முடியாது. அவ்வளவுதான்.