உட்கார்ந்ததற்கான கூலி

பிரச்சாரக் கூட்டத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு வருவது தவறா? 2024 மக்களவைத் தேர்தல் சமயம், கள்ளக்குறிச்சியில் ஒரு கூட்டத்துக்கு வெள்ளிமலையிலிருந்து வேனில் வந்திருந்த அம்மா ஒருவரிடம் கேட்டேன். "ஒரு நாள் வேலைய விட்டுட்டு வந்திருக்கேன் தம்பி, கூலி வாங்காம எப்படி?" என்றார்.

நியாயம்தான். அவர் விற்றது ஒரு பகல் பொழுதை. ஓட்டு அவர் கையிலேயே இருக்கிறது.

எனக்கு உறுத்துவது கொடுத்தவரின் மனநிலை. தானாக வந்து வெயிலில் நிற்பவருக்குத் தலைவர் கடன்படுகிறார். கூலி கொடுத்துவிட்டால் கணக்கு அங்கேயே தீர்ந்ததாக அவருக்குத் தோன்றிவிடும். நாளைக்கு அந்த அம்மா பட்டா கேட்டு மனுவோடு நின்றால், "அதான் அன்னைக்கே குடுத்தாச்சே" என்று மனசு சொல்லும். 1976 வரை ஜாகீர்தார்களிடம் இருந்த கல்வராயன் மலைக்கு, கேட்கும் உரிமை சும்மா வந்ததல்ல.

ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது அரசு. அந்தப் பணம் அவசியம். ஆனால் சாராயம் அத்தனை சுலபமாக எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு அது விலையாகாது.

கூட்டத்தில் வாங்கிய கூலியும் அப்படித்தான். உட்கார்ந்ததற்குத்தான் அது, வாயை மூடிக்கொள்வதற்கு அல்ல. வாங்கியவர்கள் கூச்சப்படாமல் கேட்கலாம். கொடுத்தவர்கள்தான் இன்னும் கடனாளிகள்.