துணைவேடமும் தொண்டும்

செருகளத்தூர் சாமா பழைய தஞ்சை ஜில்லாக்காரர். 1937-இல் வந்த ‘அம்பிகாபதி’யில் அவர் எம். கே. தியாகராஜ பாகவதருக்குத் தந்தையான கம்பர். 1940-இல் ‘சகுந்தலை’ வந்தபோது எம். எஸ். சுப்புலட்சுமியை வளர்த்த கண்வர். 1942-இல் ஜெமினியின் ‘நந்தனா’ரில் தண்டபாணி தேசிகருக்கு எஜமானரான வேதியர். 1945-இல் ‘மீரா’வில் மறுபடி எம். எஸ்ஸுக்கு எதிரே ரூப கோஸ்வாமி. இவற்றில் ‘நந்தனார்’ தவிர மற்ற மூன்றும் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியவை. இந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாடியவர்களைத்தான் சொல்வார்கள். தகப்பனாராகவும் குருவாகவும் பண்ணையாராகவும் வந்து, பாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கியவரின் பெயர் பட்டியலில் கீழே கிடக்கும்.

தரப்பட்ட வேடம் சிறியதானால் அதைத் தாங்கியவனின் பலனும் சிறியதுதானா? உலகத்தை ஈசனின் கூத்தாகப் பார்க்கும் எந்தச் சமயமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. கூத்து என்று ஒப்புக்கொண்டால், அதில் ராஜாவும் உண்டு, வாயிற்காவலனும் உண்டு.

எல்லோருக்கும் தெரிந்த பதில் கீதையினுடையது. பிறர் கடமையைத் திறம்படச் செய்வதைவிடத் தன் கடமையைக் குறையோடு செய்வது மேல் என்கிறது அது. ரோமாபுரியில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற எபிக்டெட்டஸும் ஏறக்குறைய இதையே சொன்னார். நாடகத்தை எழுதுகிறவன் வேறொருவன். பிச்சைக்காரன் வேடமோ அதிகாரி வேடமோ, வேடத்தைப் பொறுக்குவது அவன் வேலை, அதை நன்றாக நடிப்பது நம் வேலை என்பது அவர் போதனை. அடிமையாக இருந்தவர் சொன்னதால் இதற்கு ஒரு கனம் உண்டு. அடிமையின் எஜமானன் இதையே சொல்லியிருந்தால்?

அந்த எஜமானனைக் காவிரிக்கரை நன்றாகவே அறியும். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் கதையில் பண்ணையார் கிடையாது. ஆதனூர் நந்தன் கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுப்பான், திருப்புன்கூர் போவான், தில்லைக்குப் போவான். நடுவில் நின்று தடுக்கும் வேதியரைக் கொண்டுவந்தவர் 19-ஆம் நூற்றாண்டில் மாயூரத்துப் பக்கம் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில் தில்லைக்குப் போக உத்தரவு கேட்கும் நந்தனிடம் வேதியர் நாற்பது வேலிப் பயிரைக் காட்டுகிறார். வேலி என்பது ஏறக்குறைய 6.6 ஏக்கர். அத்தனையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். உன் குலத்துக்கு உழவு, எனக்குச் சாமி என்ற பாகப்பிரிவினைதான் அவர் பேச்சின் சாரம். சுதர்மம் பேசுகிறவர் நிலத்துக்கும் சொந்தக்காரராக இருந்துவிட்டால் போதனைக்கு என்ன கதி நேரும் என்பதை இதைவிடப் பச்சையாக எந்தத் தர்க்க நூலும் காட்டியதில்லை.

ஹாலிவுட்டில் இதற்கு நிகரான சம்பவம் உண்டு. 1939-இல் வெளிவந்த ‘கான் வித் த விண்ட்’ படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. கறுப்பினத்தவர் ஒருவர் பெற்ற முதல் ஆஸ்கர் அதுதான். விருந்து மண்டபத்தில் அவருக்குப் போட்ட மேஜையோ படக்குழுவினரின் மேஜையிலிருந்து தள்ளியிருந்தது. அக்காலத்தில் துணை நடிகர்களுக்குச் சிலை தருவதும் இல்லை. சிறு பட்டயம்தான் தருவார்கள். 1944-இல் நடந்த விழாவில்தான் அவர்களுக்கும் சிலை வந்தது. வேடத்தை நன்றாக நடித்தவரை மெச்சிய கைகளேதான், அந்த வேடத்தைத் தவிர வேறொன்றும் அவருக்கு எட்டாதபடி பார்த்துக்கொண்டன. எபிக்டெட்டஸின் பதில் நடிப்பவனுக்குத் தைரியம் தரும். வேடங்களைப் பங்கு போடுகிறவனுக்கு அது சாக்காகிவிடும்.

இரண்டாவது பதில் நாடக சாஸ்திரத்திலிருந்து வருகிறது. பரத முனிவர் கணக்கில் நிலையான பாவங்கள் 8, வந்து போகும் பாவங்கள் 33, மெய்ப்பாட்டு விகாரங்கள் 8. சோர்வு, ஐயம், நாணம், பொறாமை போன்ற அந்த 33-க்கும் தமக்கென்று ரசம் கிடையாது. ராஜாவைச் சூழ்ந்த பரிவாரம்போல அவை நிலையான பாவத்தைச் சூழ்ந்து நிற்கின்றன என்கிறார் பரதர். ஆனால் அவை சேராமல் ரசமே பிறக்காது என்பதும் அவர் வாக்குத்தான். காளிதாசனின் கண்வர் இதற்கு நல்ல அத்தாட்சி. ஏழு அங்க நாடகத்தில் அவர் மேடையேறுவது நான்காம் அங்கத்தில் மட்டும். வளர்த்த பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பும் துறவி, பற்றில்லாதவனுக்கே இந்தத் துக்கம் என்றால் பெற்றவர்கள் எப்படித் தாங்குவார்கள் என்று தடுமாறுகிறார். அந்த அங்கமே நாடகத்தின் உச்சம் என்பது வடமொழி ரசிகர்களின் பழைய தீர்ப்பு. துஷ்யந்தனுக்கு அப்படியொரு இடம் வாய்க்கவில்லை.

வேதியர் வேடத்திலும் இதே கணக்கு வேலை செய்கிறது. நந்தன் முதல் காட்சியிலேயே பக்தன், கடைசிக் காட்சியிலும் பக்தன். அவனிடம் மாறுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரே இரவில் நாற்பது வேலியும் விளைந்து கிடப்பதைக் கண்டு, அதட்டிய வாய் அடைத்து, பண்ணையாளின் காலில் விழ வேண்டியவர் வேதியர். தேசிகருக்குக் குரல் போதும். மாற்றம் தெரிய வேண்டிய முகம் சாமாவினுடையது. 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படத்தில் இதே வேடத்தைச் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர் ஏற்றிருந்தார்.

இருந்தாலும் பரதரின் பதிலில் ராஜா ராஜாதான், பரிவாரம் பரிவாரம்தான். துணையாக இருப்பதையே மேலான நிலையாக்கியது பக்தி மார்க்கம். தமிழ்நாட்டில் இதற்குப் பிறமொழிச் சான்று தேட வேண்டியதில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்துத் திருமண்டங்குடியில் பிறந்த விப்ரநாராயணர், பெருமாளின் அடியார்களுடைய கால்தூசி என்று பெயர் பூண்டு தொண்டரடிப்பொடி ஆனார். ஆண்டாள் திருப்பாவையில் ஆயர்பாடிப் பெண்களில் ஒருத்தியாகத் தன்னைப் பாவித்துக்கொண்டாள். வங்காள வைணவர்கள் இதைச் சாஸ்திரமாகவே வகுத்தார்கள். அதைத் தொடங்கிவைத்தவர், வங்க சுல்தானிடம் பார்த்த பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு பிருந்தாவனம் போன ரூப கோஸ்வாமி. ‘மீரா’வில் சாமா ஏற்ற அதே ரூபர். நாட்டிய சாஸ்திரத்தின் ரசக் கொள்கையை அப்படியே பக்திக்கு மாற்றி, பக்தன் கண்ணன் வளர்ந்த விரஜ பூமியில் ஒரு பாத்திரமாகவே வாழ வேண்டும் என்றார் அவர். கண்ணனாக நடிப்பது அங்கே நோக்கமல்ல. வேலைக்காரனாக, தோழனாக, பெற்றவளாக, ராதைக்குத் தாம்பூலம் மடித்துக் கொடுக்கும் தோழிப்பெண்ணாக இருக்க வேண்டும். அவர் வழிவந்தவர்கள் கடைசி வேடத்தைத்தான் பெரிதாகக் கொண்டாடினார்கள். தாமே கண்ணனோடு கூடுவதைவிட, ராதையை அவனோடு கூட்டிவைப்பதில் தோழியர் அடையும் ஆனந்தம் கோடி மடங்கு என்கிறது ‘சைதன்ய சரிதாம்ருதம்’.

ரூபர் போட்ட ஒரு நிபந்தனையில்தான் வேதியருக்கு மறுப்பு இருக்கிறது. விதிக்குக் கட்டுப்பட்டுச் செய்யும் பக்தி ஒன்று, ஆசையால் இழுக்கப்பட்டுச் செய்யும் பக்தி இன்னொன்று என்று அவர் பிரிக்கிறார். தோழி வேடம் இரண்டாவதைச் சேர்ந்தது. அதற்குத் தகுதி ஆசை ஒன்றே. குலமோ உத்தரவோ அல்ல. நந்தன் இருந்த இரண்டு இடங்களும் தொண்டன் இடங்கள்தாம். பண்ணையில் அவனை நிறுத்தினார்கள், தில்லைக்கு அவனே போனான்.

மெலட்டூரில் இந்தப் பதில்கள் ஒரே மேடையில் முட்டிக்கொள்கின்றன. தஞ்சையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் உள்ள அவ்வூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் கோயில் முன்பாகப் பாகவத மேளம் என்ற நாடகம் நடக்கும். வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய ‘பிரகலாத சரித்திரம்’ விடிய விடிய ஆடப்படும். முதலில் கோணங்கி குதித்து வருவான். பிறகு பிள்ளையார் முகமூடி போட்ட சிறுவன். கட்டியக்காரன் அறிவித்த பிறகுதான் இரணியனுக்கு வழி. நரசிம்மர் வேடம் ஏற்பவர் விரதம் இருப்பார். முகமூடிக்குப் பூஜை உண்டு. அதை அணிந்ததும் ஆவேசம் வந்துவிடும் என்பதால், அவர் இரணியன்மேல் உண்மையிலேயே பாய்ந்துவிடாதபடி ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். கதையில் பெயரோ வசனமோ இல்லாத அவர்கள் கையை விட்டால் வழிபாடு விபரீதமாகிவிடும். கோணங்கி முதல் நரசிம்மர் வரை எல்லோருக்கும் அது ஆராதனைதான். சம்பளத்துக்கு ஆடுகிற கூத்து அல்ல.

அந்த ஆராதனைக்குள் நுழைய, மரபுப்படி, அக்கிரகாரத்து ஆணாகப் பிறந்திருக்க வேண்டும், இரணியன் மனைவி லீலாவதியாக வருபவரும் ஆண்தான். மீரா கதையின் ஒரு வடிவத்தில் பெண்களைப் பார்ப்பதில்லை என்று ரூபரே அவளைத் திருப்பி அனுப்புகிறார். பிருந்தாவனத்தில் கண்ணனைத் தவிர வேறு ஆண் யார் என்று மீரா சொல்லி அனுப்பிய பிறகே கதவைத் திறக்கிறார். அவர் வகுத்த சாஸ்திரத்தை அவருக்கே நினைவுபடுத்த வேண்டியிருந்தது.