ஸ்கியோவின் வாசல்காரி

சூடானின் டார்ஃபூர் பகுதியில் பிறந்த அந்தச் சிறுமியைக் கடத்திச் சென்றவர்கள் சந்தை சந்தையாக விற்றார்கள். அதிர்ச்சியில் பெற்றோர் இட்ட பெயரே அவளுக்கு மறந்துபோனது. ஒரு வீட்டில், உடம்பில் மாவால் கோலம் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே கத்தியால் கீறி, காயத்தில் உப்பைத் தேய்த்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட தழும்புகள். அவள்தான் பின்னாளில் புனித ஜோசப்பின் பக்கித்தா.

இத்தாலிக்கு வந்தபின் எஜமானி சூடானுக்குத் திரும்ப அழைத்தபோது, "வரமாட்டேன்" என்று உறுதியாக நின்றார். 1889-இல் வெனிஸ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு திருமுழுக்கு, பிறகு கனோசியன் சபையில் துறவறம். எனக்கு அவருடைய வாழ்வில் மிகப் பெரிய தருணம் அந்த மறுப்புதான்.

இத்தாலியின் ஸ்கியோ நகரக் கன்னியர் மடத்தில் சமைத்தார், தைத்தார், பல ஆண்டுகள் வாசல் காத்தார். பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தலையில் கைவைத்து வாழ்த்துவார். தன்னைக் கடத்தியவர்களைக் கண்டால் மண்டியிட்டு அவர்கள் கையை முத்தமிடுவேன் என்றும் சொன்னார். அடிமைத்தனத்துக்குத் தந்த மன்னிப்புச் சீட்டாக இதைப் படிக்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர், முழுச் சுதந்திரத்தோடு சொன்னது அது.

1947 பிப்ரவரி 8 அன்று மறைந்தார். 2000-இல் இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய திருநாளான பிப்ரவரி 8-ஐ, ஆள்கடத்தலுக்கு எதிரான செப நாளாக 2015 முதல் கத்தோலிக்கத் திருச்சபை உலகெங்கும் கடைப்பிடிக்கிறது.