யந்திரத்தை நிறுத்தினவன்



நிலத்தில் மறைந்திருந்த பொக்கிஷத்தைக் கண்ட மனிதனைப்பற்றி நமது ஆண்டவர் சொன்ன உவமை உங்களுக்கு மனப்பாடம். அவன் உழுதானா, கிணறு வெட்டினானா என்று ஆண்டவர் சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொன்னார். அதைத்தான் நாம் கவனியாமல் தாண்டிப் போகிறோம். கண்டவன் அதை உடனே வெளியே இழுத்து ஊருக்குக் காட்டவில்லை. திரும்பவும் மூடிவைத்தான். அப்புறந்தான் தன் உடைமைகளை விற்கப் புறப்பட்டான்.

ஏறக்குறைய இதே போன்ற ஒரு காரியம் அயர்லாந்து தேசத்தில் நடந்தது. அந்நாட்டுச் சதுப்பு நிலங்களில் பாசியும் புல்பூண்டும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மக்கிக் கறுப்பு மண்ணாய்க் கிடக்கின்றன. அதற்குப் பீட் என்று பெயர். காயவைத்து அடுப்பெரிக்கலாம், பூந்தொட்டியிலும் போடலாம். டிப்பரரி மாவட்டத்தில் ஃபாடன் மோர் என்னும் இடத்திலே, 2006-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி, ஒருவர் நம் ஊர் ஜே.சி.பி. போன்ற யந்திரத்தால் தொட்டி மண்ணுக்காக இந்தப் பீட்டை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டின இடத்தில் ஏதோ வித்தியாசமாய்த் தெரிந்தது. யந்திரத்தை நிறுத்தினார். பார்த்தால் தோல் அட்டையோடு ஒரு புத்தகம்! கன்றுத்தோல் ஏடுகளிலே இலத்தீன் எழுத்து.

அவரும் நிலத்துச் சொந்தக்காரரும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஈர மண்ணை அள்ளி அதை மூடிவைத்து, அரும்பொருட்சாலைக்குச் சொல்லியனுப்பினார்கள். புத்தகத்தைக் காப்பாற்றினது அந்த ஈர மண்தான். காற்றுப்புகாத சேற்றிலே 1200 வருஷம் கிடந்த தோலேடு, கோடை வெயிலில் சற்று நேரம் கிடந்தாலே சுருங்கி வெடித்துப்போயிருக்கும்.

அது ஒரு சங்கீதப் புத்தகம். ஏறக்குறைய கி.பி. 800-ம் ஆண்டில் எழுதப்பட்டது. 150 சங்கீதங்களையும் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் எழுதினார்கள். திறந்துகிடந்த பக்கத்தில் தெரிந்தது 83-ம் சங்கீதம். உடனே ஒரு பரபரப்பு! அப்போது லெபனானில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எபிரேய எண்ணிக்கைப்படி 83-ம் சங்கீதம் இஸ்ராயேலை அழிக்கப் பார்க்கும் சத்துருக்களைப்பற்றியது. ஆகவே இது ஏதோ தீர்க்கதரிசனம் என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். பழைய பூசைப் புத்தகத்தைப் பத்திரமாய் வைத்திருக்கும் நம் பாட்டிமாரைக் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள், இலத்தீன் எண்ணிக்கை வேறு என்று. இலத்தீனில் 83 என்பது எபிரேயத்தில் 84. ஆண்டவருடைய ஆலயத்துக்காக ஏங்கும் சங்கீதம் அது. கிருபை தயாபத்து மந்திரத்தில் நாம் சொல்லுகிற கண்ணீர்க் கணவாய் அந்தச் சங்கீதத்தில்தான் வருகிறது. அரும்பொருட்சாலையாரும் இதையே விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த ஏடுகளைப் பிரித்து உலர்த்துவதற்கு நாலு வருஷத்துக்கு மேலாயிற்று. சில ஏடுகளிலே எழுதாத இடமெல்லாம் சேற்றில் கரைந்துபோய், மை பட்ட இடம் மாத்திரம் தனித்தனி எழுத்தாய் மிஞ்சியிருந்ததாம். மையே தோலைப் பதப்படுத்திக் காத்தது. அட்டையின் உட்புறத்தில் பாப்பிரஸ் தாள் ஒட்டியிருந்தது. பாப்பிரஸ் எகிப்து தேசத்துச் சரக்கு. வனத்து அந்தோணியார் தவம் செய்த தேசத்துக்கும் அயர்லாந்து மடங்களுக்கும் உறவு இருந்ததற்கு அது ஒரு சாட்சியாய் இருக்கலாம். 2011-ம் ஆண்டில் டப்ளின் நகரத்து அரும்பொருட்சாலையிலே ஜனங்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். ஃப்ளோரிடாவில் டைட்டஸ்வில் ஊரருகே விண்டோவர் என்னுமிடத்தில், 1982-ம் ஆண்டு வீட்டுமனைகளுக்குச் சாலை போடுவதற்காகக் குளத்துச் சேற்றை வாரினார்கள். வாரின சேற்றிலே மண்டையோடு வந்தது. அங்கேயும் யந்திரம் ஓட்டினவர் நிறுத்தினார். கொலையோ என்று அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கொலையல்ல. ஏழாயிரம், எட்டாயிரம் வருஷத்துக்கு முந்தின எலும்புகள்! மனை போட வந்த முதலாளிகள் இரவோடிரவாய் மண்ணைத் தள்ளி மூடியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. வேலையை நிறுத்தினார்கள், எலும்பின் காலத்தைக் கணிக்கும் சோதனைக்குத் தாங்களே பணம் கொடுத்தார்கள், தங்கள் திட்டத்தையும் மாற்றிக்கொண்டார்கள். பிறகு 1984 முதல் 1986 வரை தோண்டியதில் 168 பேருடைய எலும்புகள் கிடைத்தன.

அவர்களில் ஒன்று சுமார் 15 வயதுப் பிள்ளை. முதுகெலும்பு பிளந்தபடி பிறந்த பிள்ளை. நன்றாக நடமாடியிருக்க முடியாது. வேட்டையாடியும் கிழங்கு பொறுக்கியும் பிழைத்த ஜனம் அது. சோற்றுப்பானையைப் பார்த்து உட்கார்ந்திருக்க யாருக்கும் வசதியில்லை. அப்படியிருந்தும் 15 வருஷம் யாரோ ஊட்டியிருக்கிறார்கள், தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். ஞானஸ்நானம் என்கிற பெயரையே கேளாதவர்கள்! நம் பங்கிலே விருந்தாளி வந்தால் பின்கட்டு அறையில் அடைத்துவைக்கப்படும் பிள்ளைகள் இரண்டொருவர் உண்டு. யார் வீடு என்று நான் சொல்லப்போவதில்லை.

இப்படித் தோண்டுகிறவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் பொக்கிஷமுமல்ல. ஜெர்மனியில் ஆய்ஸ்கிர்சன் ஊரிலே 2014-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி, இரண்டாம் உலக யுத்தத்தில் வெடிக்காமல் கிடந்த குண்டு வெடித்து, யந்திரம் ஓட்டினவர் மாண்டார். யுத்தம் முடிந்து 68 வருஷத்துக்குப் பிறகு! மண்வெட்டும் தொழிலாளிகளுக்காக நாம் ஜெபிக்கிறதுண்டா?

வீட்டிலும் இப்படித்தான். மறைந்துகிடந்த ஒன்று தற்செயலாய் வெளிப்படுகிறது. மருமகளின் பெட்டியில் ஒரு மருந்துச் சீட்டு; மகனுடைய சட்டைப்பையில் ஓர் அடகுச் சீட்டு. அன்று சாயங்காலத்துக்குள் தெருக்குழாயடி வரைக்கும் போய்விடுகிறது. ஒரு பிடி ஈர மண் போட யாருமில்லை. மூடிவைப்பது என்றால் புதைத்து மறந்துவிடுவதல்ல. அந்த ஐரிஷ்காரர்கள் மூடிவிட்டு, விஷயம் தெரிந்தவர்களுக்குச் சொல்லியனுப்பவில்லையா? வைத்தியரிடம் போக வேண்டியது வைத்தியரிடம், குருவானவரிடம் போக வேண்டியது குருவானவரிடம். நிஜமாகவே வீட்டுக்கு வானம் தோண்டும்போது பழம்பொருள் அகப்பட்டாலும் அப்படியே. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்று 1878-ம் ஆண்டிலேயே சட்டம் செய்திருக்கிறார்கள்.

நிறுத்துவதற்கு ஒரு விலை உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. யந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. ஓட்டுகிறவன் நின்று பார்த்தால் மேஸ்திரி ஏசுகிறான், சொந்தக்காரன் முகம் சுளிக்கிறான். பலபேர் கண்டும் காணாமல் அள்ளிப்போடுவது கெட்ட மனதினால் அல்ல, அன்றைய கூலிக்குப் பயந்து. கூலிக்காரனை அந்தச் சோதனையில் நிறுத்திவிட்டு, நாம் நிழலில் உட்கார்ந்து அவனுக்கு மனச்சாட்சி இல்லை என்று சொல்வது நியாயமா?

வருகிற செவ்வாய்க்கிழமை நம் கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவருக்கு வானம் தோண்டுகிறார்கள். அந்தப் பக்கம் சிலுவைகள் விழுந்து, மேடுகளும் தேய்ந்து, யாருடைய கல்லறை எதுவரை என்று தெரியாமல் கிடக்கிறது. எலும்போ, பெட்டிப் பலகையோ, ஜெபமாலையோ தென்பட்டால் அந்த நொடியே யந்திரத்தை நிறுத்தும்படி ஆபரேட்டர் தம்பியிடம் சொல்லியிருக்கிறது. நிற்கிற மணி நேரத்துக்கும் வாடகையைப் பங்குக் கணக்கிலிருந்து கொடுப்போம். அதற்கு இந்த ஞாயிறு இரண்டாங் காணிக்கை எடுக்கப்படும். பாட்டன் பூட்டன்மாரை மேற்குப் பக்கம் அடக்கம் செய்த குடும்பத்தார், காலைப் பூசை முடிந்ததும் ஆளுக்கொரு சுத்தமான வெள்ளைத் துணியோடு வந்து நிற்கவும். கோயிற்பிள்ளை தீர்த்தம் கொண்டுவருவார்.